செர்ரி மரத்தின் பெயர் வந்த வழி

பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் நான் கரும்பலகையில் எழுதிய ஒரு பட்டியலைப் பற்றியும், அதைப் பார்த்து ஒரு மாணவன் எழுப்பிய வினாவைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன். அவ்வினாவிற்கு அன்று நான் சொன்னது விடையே அன்று. உண்மையான விடை சில பழமரங்களின் பெயருக்குள் இருந்தது என்பதைப் பணியினின்றும் ஓய்வுபெற்ற பின்னரே நான் தெளிவாக அறிந்தேன்.

இலத்தீனும் ஆங்கிலமும் ஒரே பெருங்குடும்பத்தில் பிறந்த மொழிகள். இலத்தீன் அக்குடும்பத்தின் ஒரு கிளை. ஆங்கிலமும் ஜெர்மனும் ஜெர்மானியம் என்னும் மற்றொரு கிளையைச் சேர்ந்தவை. இதை மாணவர்க்கு விளக்குவதற்காக இடப்பக்கம் இலத்தீன் சொற்களையும் வலப்பக்கம் ஆங்கிலச் சொற்களையும் எழுதினேன். தந்தைக்கு இலத்தீனில் ‘பாத்தெர்’, ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’. மீனுக்குப் ‘பிஸ்கிஸ்’, ‘ஃபிஷ்’. காலடிக்குப் ‘பேஸ்’, ‘ஃபுட்’. இத்துடன் நிறுத்தியிருக்கலாம். பட்டியல் நீளமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசையினால் மேலும் இரண்டு சேர்த்தேன். ‘பீனுஸ்’ என்னும் மரம் ஆங்கிலத்தில் ‘பைன்’. ‘பிரும்’ என்னும் பழம் ஆங்கிலத்தில் ‘பேர்’, அதாவது நாம் பேரிக்காய் என்பது. ஐந்து இணைகளும் பிறப்பால் உறவுடையவை என்று கூறி முடித்தேன்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, முதல் மூன்று சொற்களில் இலத்தீன் ‘ப்’ ஆங்கிலத்தில் ‘ஃப்’ ஆகிறது. கடைசி இரண்டில் மட்டும் ஏன் ‘ப்’ ஆகவே நிற்கிறது?” என்று கேட்டான்.

“விதி என்று இருந்தால் விலக்கும் இருக்கும், உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான், ஆயினும் அவன் பார்வை என்மீது இல்லை, கரும்பலகையின்மீதே இருந்தது.

அவன் கண்டது சிறிய செய்தி அன்று. ஐரோப்பிய மொழிநூலுக்கு அடிப்படையிட்ட உண்மைகளுள் ஒன்றையே அவன் தொட்டுவிட்டான். டென்மார்க்கு நாட்டு அறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் 1818இல் வெளியிட்ட நூலில் அதனை எடுத்துக்காட்டினார். 1822இல் ஜெர்மானியரான யாக்கோப் கிரிம் அதனை விரிவாக வகுத்துரைத்தார். தம் இளவலுடன் சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தாரே, அந்தக் கிரிம்தான் இவர். குடும்பத்தின் பழைய ஒலிகள் ஜெர்மானியக் கிளையில் ஒழுங்காகத் திரிந்துள்ளன என்பதே அவ்வுண்மை. ‘ப்’ என்பது ‘ஃப்’ ஆயிற்று. ‘க்’ என்பது ‘ஹ்’ ஆயிற்று. கொம்பினைக் குறிக்கும் இலத்தீன் ‘கோர்னு’ ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’ ஆக நிற்பதைக் காண்க. சொல்லின் முதலில் நிற்கும் ‘ப்’ ஒலி இத்திரிபிலிருந்து தப்பியதில்லை. இத்திரிபு ஜெர்மானிய மக்கள் உரோமருடன் நெருங்கிப் பழகுவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அங்ஙனமாயின் பைனும் பேரும் எவ்வாறு தப்பின? அவை தப்பவில்லை. திரிபு நடந்தபோது அவை அங்கே இல்லவே இல்லை; எல்லாம் முடிந்த பிறகு வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. நம் இலக்கண ஆசிரியர்கள் பிற நிலத்திலிருந்து வந்து வழங்கும் சொல்லைத் திசைச்சொல் என்பார்கள். அந்தப் பெயரை இங்கே பயன்படுத்துவோம். என் பட்டியலில் முதல் மூன்றும் உடன்பிறப்புகள், பின்னிரண்டும் திசைச்சொற்கள். நான் விலக்கு என்றவை உண்மையில் விருந்தினர்.

விருந்தினரை அழைத்து வந்தவர் யார்? ஜூலியஸ் சீசர் கி.மு. 58 முதல் கால் நாட்டில் போர் நடத்தி ரைன் ஆறு வரை உரோமர் ஆட்சியைக் கொண்டு சென்றார். ரைனுக்கு அப்பாலும் செல்ல உரோமர் முயன்றனர், கி.பி. 9இல் வாருஸ் என்னும் தளபதியின் மூன்று படைப்பிரிவுகளை ஜெர்மானியர் காட்டிடையே அழித்தொழித்தனர். அதன் பின்னர்ப் பெரும்பாலும் ரைனும் தான்யூபும் எல்லைகளாயின. எல்லை என்றால் போர் மட்டும் நடக்கும் இடம் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே சந்தையும் நடக்கும். கொலோன், திரியர் முதலிய நகரங்கள் ஓங்கின. படைவீரர்க்குத் தம் ஊர் உணவு வேண்டும். ஆதலால் தோட்டங்கள் எழுந்தன. அங்கிருந்த உரோமர் முகாம்களின் கிணறுகளிலும் குப்பைக் குழிகளிலும் பீச், பிளம், செர்ரி ஆகியவற்றின் கொட்டைகளை அகழ்வாய்வாளர் எடுத்திருக்கின்றனர். ஜெர்மானியர் அம்மரங்களை நடக் கற்றனர், ஒட்டுக் கட்டக் கற்றனர், பெயர்களையும் கற்றனர். ஒட்டுக் கட்டுதல் என்னும் சொல்லே இலத்தீனிலிருந்து சென்றதுதான். ஜெர்மனில் அது ‘இம்ப்ஃபென்’. இன்று அச்சொல் அம்மை முதலிய நோய்களுக்குத் தடுப்பூசி இடுவதைக் குறிக்கின்றது. ஆங்கிலத்தில் அதன் உறவான ‘இம்ப்’ முதலில் இளந்தளிர் என்றும், பின் குழந்தை என்றும், பின் சாத்தானின் குழந்தை என்றும், இறுதியில் குறும்புக்காரச் சிறுவன் என்றும் பொருள்பட்டது. என் வகுப்பில் அப்படிச் சிலர் இருந்தனர். வினா எழுப்பியவன் அவர்களுள் ஒருவன் அல்லன்.

இனிச் செர்ரிக்கு வருவோம். இம்மரப் பெயர்களுள் தன் வரலாற்றைத் தெளிவாகச் சொல்வது இதுவே.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர் துறந்த பிளினி, தம் ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலில் செர்ரியைப் பற்றி எழுதியிருக்கிறார். உரோமத் தளபதி லூகுல்லுஸ் கருங்கடற்கரைப் பொந்துஸ் நாட்டு மன்னனான மித்ரிதாத்தஸை எதிர்த்துப் போரிட்டு வெற்றி கொண்டதற்கு முன் இத்தாலியில் செர்ரியே இல்லை என்றும், அவரே அதைக் கொணர்ந்தார் என்றும், 120 ஆண்டுகளுக்குள் அது கடல் கடந்து பிரித்தானியா வரை சென்றுவிட்டது என்றும் அவர் கூறுகிறார். அவர் தரும் ஆண்டு நம் கணக்கில் கி.மு. 74. பிளினியின் கூற்றை அப்படியே ஏற்க இயலாது. காட்டுச் செர்ரி ஐரோப்பாவில் உரோமருக்கு நெடுங்காலம் முன்பிருந்தே உண்டு. பழங்கால மக்களின் குடியிருப்புகளில் அதன் கொட்டைகள் கிடைத்துள்ளன. லூகுல்லுஸ் கொணர்ந்தது பெரிய, இனிய கனி தரும் தோட்டவகையாக இருக்கலாம்.

கிரேக்க மொழியில் அம்மரம் ‘கெரசோஸ்’. பொந்துஸ் நாட்டில் கெரசூஸ் என்று ஒரு நகரம் இருந்தது; இன்று துருக்கியில் கிரெசுன் என்று வழங்குவது அதுவே. ஊரால் மரம் பெயர் பெற்றதா, மரத்தால் ஊர் பெயர் பெற்றதா என்பது பழைய வழக்கு. மரத்தால் ஊர் பெயர் பெற்றது என்பதே இன்றைய அறிஞர் பலருக்கு உடன்பாடு. கிரேக்கச் சொல் இலத்தீனில் ‘கெரசுஸ்’ ஆயிற்று. மக்கள் பேச்சில் ‘கெரெசியா’ போன்ற ஒரு வடிவத்தைப் பெற்றது. அதுவே ஜெர்மனில் இன்று ‘கிர்ஷெ’ என நிற்கிறது.

‘கிர்ஷெ’ என்பதன் முதல் ஒலியாகிய ககரத்தை உற்று நோக்குங்கள். இச்சொல் இலத்தீனுக்கும் ஜெர்மானியத்திற்கும் பழந்தொடர்பால் பொதுவாக வந்திருக்குமாயின், கிரிம் வகுத்த திரிபின்படி அது ‘ஹ்’ என்று தொடங்கவேண்டும். ‘ஹ்’ இல்லை. ஆகவே அத்திரிபு முடிந்த பின்னரே இச்சொல் வந்தது என்பது உறுதி. இது ஒரு பக்கத்து எல்லை.

மற்றப் பக்கத்தையும் அதே ககரம் காட்டுகிறது. சீசர் காலத்து இலத்தீனில் இந்த எழுத்து எங்கும் ‘க்’ என்றே ஒலித்தது. பேரரசின் பிற்காலத்தில் எகர இகரங்களுக்கு முன் நின்ற ‘க்’ மட்டும் குழைந்தது. இத்தாலியில் அது ‘பச்சை’ என்னும் நம் சொல்லில் உள்ள சகரம் போலவும், வேறு சில நாடுகளில் ‘த்ஸ்’ போலவும் ஒலிக்கலாயிற்று. குழைந்த பின்னர் ஜெர்மானியர் இச்சொல்லைக் கேட்டிருந்தால் ‘க்’ என்று தொடங்கியிருக்க மாட்டார்கள். இது வெறும் ஊகம் அன்று. ஜெர்மனில் ‘கெல்லர்’ என்றால் நிலவறை. ‘த்ஸெல்லெ’ என்றால் துறவியர் மடத்துச் சிற்றறை. இரண்டும் ‘கெல்லா’ என்னும் ஓர் இலத்தீன் வேரினின்றே வந்தவை. முன்னது உரோமரின் பண்டக அறையோடு முற்காலத்தில் வந்தது. ஆதலால் ககரம் அதில் உறைந்து நின்றது. பின்னது கிறித்தவத் துறவியரோடு பிற்காலத்தில் வந்தது. ஆதலால் குழைந்த ஒலியோடு வந்தது. ‘கிர்ஷெ’ ‘கெல்லர்’ கூட்டத்தைச் சேர்ந்தது.

இவ்வாறு ஒரே ஒலி முன்வாயிலையும் பின்வாயிலையும் அடைத்துவிடுகிறது. இச்சொல் நுழைந்த நாளை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. எனினும் கி.பி. முதற் சில நூற்றாண்டுகளில், உரோமர் தோட்டங்கள் ரைன் கரையில் செழித்திருந்தபோது அது நுழைந்தது என்று நாம் துணிந்து கூற முடிகிறது.

ஆங்கிலத்தில் மட்டும் கதை சற்று வேறு. பழைய ஆங்கிலத்தில் இம்மரத்திற்குச் ‘சிரிஸ்-பேயாம்’ என்பது போன்ற பெயர் இருந்தது. பின்பகுதிக்கு மரம் என்று பொருள். இன்று விட்டத்தைக் குறிக்கும் ‘பீம்’ என்னும் சொல் அதுவே. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அவர்களது பிரெஞ்சு வழக்கில் பழத்தின் பெயர் ‘செரீஸ்’. அதுவும் இலத்தீன் சொல்லின் பேரப்பிள்ளையே. பழைய பெயர் மறைந்து, புதிய பெயர் நிலைத்தது. ஆயின் ஆங்கிலேயர்க்கு ஈற்றிலுள்ள ‘ஸ்’ பன்மை உருபு போலத் தோன்றிற்று. ‘செரீஸ்’ பல பழம் என்றால் ஒரு பழம் ‘செரீ’யாகத்தானே இருக்கவேண்டும்! இப்படிப் பிறந்ததுதான் செர்ரி. பட்டாணிக்குரிய ‘பீஸ்’ என்னும் ஒருமைச் சொல்லையும் இவ்வாறே பன்மை எனக் கொண்டு ‘பீ’ என்று நறுக்கினர். இலக்கணம் அறிந்தோர் இதைப் பிழை என்பர். ஆனால் எல்லாரும் சேர்ந்து செய்த பிழையைத் திருத்துவார் எவர்?

அடுத்தது பீச். இலத்தீனில் இதற்குப் ‘பாரசீக ஆப்பிள்’ என்று பொருள்படும் பெயர். உண்மையில் இது சீனத்து மரம். பாரசீகத்தின் வழியாக வந்ததால் உரோமர் அதனையே தாயகம் எனக் கருதினர். ‘பெர்சிகா’ என்னும் அப்பெயர் ஜெர்மனில் ‘ப்ஃபிர்ஸிஹ்’ ஆகியிருக்கிறது. இங்கே ‘ப்’ தனியே நிற்கவில்லை, ‘ப்ஃப்’ என்று தடித்திருக்கிறது. இது கிரிம் கூறிய முதல் திரிபு அன்று. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டிற்கும் எட்டாம் நூற்றாண்டிற்கும் இடையே தென்ஜெர்மனியின் மலைநாட்டு வழக்கில் நிகழ்ந்த இரண்டாம் திரிபு. ஆங்கிலேயரின் முன்னோர் அதற்குள் கடல் கடந்து பிரித்தானியாவில் குடியேறத் தொடங்கிவிட்டனர். அவர்களது பேச்சை அது எட்டவில்லை. ஆதலால்தான் ஆங்கிலத்தில் ‘பிளம்’ என்பது ஜெர்மனில் ‘ப்ஃப்ளௌமெ’. ஆங்கிலத்தில் ‘பௌண்டு’ என்பது ஜெர்மனில் ‘ப்ஃபுண்ட்’. ‘ப்ஃப்’ என்று தொடங்கும் இலத்தீன் சொல் இரண்டாம் திரிபிற்கு முன்பே ஜெர்மனியில் குடியேறியது என்று கொள்ளலாம். காகிதத்தைக் குறிக்கும் ‘பாப்பீர்’ போல வெறும் ‘ப்’ உடன் நிற்பது பெரும்பாலும் பின்னால் வந்தது.

இந்தக் கூட்டத்தில் நமக்கு உறவான ஒரு சொல்லும் இருக்கிறது. மரப்பெயர் அன்று, கொடியின் பெயர். ஆயினும் அதை விட்டுச்செல்ல மனம் வரவில்லை. மிளகு ஆங்கிலத்தில் ‘பெப்பர்’, ஜெர்மனில் ‘ப்ஃபெஃபர்’. இரண்டும் இலத்தீன் ‘பிப்பெர்’. அதற்கு முன் கிரேக்க ‘பெப்பெரி’. அதற்கு முன் நம் நாட்டுப் ‘பிப்பலி’. வடமொழியில் பிப்பலி, தமிழில் திப்பலி என்று வழங்கும் பொருளின் பெயரே மேல்நாட்டில் மிளகின்மேல் ஏறிக்கொண்டது. சங்கச் சான்றோர் பாடிய முசிறித் துறையிலிருந்து உரோமுக்குக் கப்பல் கப்பலாக மிளகு சென்றது. கி.பி. 408இல் அலாரிக் என்னும் காத்தியத் தலைவன் உரோம் நகரை முற்றுகையிட்டபோது, விலகிச் செல்வதற்குக் கேட்ட பொருள்களுள் பொன்னும் வெள்ளியும் பட்டும் மட்டுமல்ல, 3,000 இராத்தல் மிளகும் இருந்தது. காத்தியர் ஜெர்மானிய இனத்தவர். பெயரை வாங்கியவர்கள் பொருளின் சுவையையும் நன்றாக அறிந்திருந்தனர் போலும்!

மற்ற மரங்களை விரைந்து பார்த்துவிடலாம். பிளம் இலத்தீனில் ‘புரூனும்’, ரகரம் லகரமாகியிருக்கிறது. அதே இலத்தீன் சொல் பிரெஞ்சின் வழியாக மறுமுறையும் ஆங்கிலத்துள் நுழைந்து உலர்ந்த பிளம் பழத்தைக் குறிக்கும் ‘புரூன்’ ஆயிற்று. ஒரு வீட்டிற்கு அண்ணனும் தம்பியும் வேறுவேறு காலத்தில் விருந்துக்கு வந்து, ஒருவரையொருவர் அறியாமல் ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பதைப் போன்றது இது. பட்டுப்புழு உண்ணும் முசுக்கொட்டை இலத்தீனில் ‘மோரும்’. அதனோடு ‘பெர்ரி’ சேர்ந்தபோது ரகரங்கள் நெருக்கமாக நின்று நாவைத் துன்புறுத்தவே ஒன்று லகரமாகி ‘மல்பெர்ரி’ ஆயிற்று. ‘புக்சுஸ்’ என்னும் மரம் ‘பாக்ஸ்’ ஆயிற்று. அதன் உறுதியான கட்டையில் கடைந்த செப்பின் பெயரே இன்று நாம் கையாளும் எல்லாப் பெட்டிக்கும் ஆங்கிலப் பெயர். வால்நட்டு மட்டும் பெயரைக் கடன்வாங்கவில்லை. ‘அயலார் கொட்டை’ என்று ஜெர்மானியரே தம் சொற்களால் அதற்குப் பெயரிட்டனர். அந்த ‘வால்’ என்னும் முதற்பகுதியே வேல்ஸ் நாட்டின் பெயரிலும் உள்ளது. தம் சொந்த நாட்டில் வாழ்ந்த வேல்ஸ் மக்களுக்கு, வந்தேறிய ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘அயலார்’!

இவற்றுக்கு எதிராக ஓக், பெர்ச், ஆஷ், எல்ம் முதலிய காட்டு மரங்களை எண்ணிப் பாருங்கள். இவற்றின் பெயர்கள் ஜெர்மானிய மொழிகளுக்கு முன்னோர் வைத்துச் சென்ற சொத்து. ஆப்பிளும் வடநாட்டுக்குச் சொந்தமான பழைய பெயரே. பொதுவாகக் காட்டுமரத்திற்குத் தாய்வீட்டுப் பெயரும், உரோமர் தோட்டத்து மரத்திற்கு இலத்தீன் பெயரும் இருக்கக் காண்கிறோம்.

ஆயினும் இங்கே மாணவர்கள் ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். கி.பி. 800ஐ ஒட்டி, சார்லமேன் பேரரசர் காலத்தில், அரசத் தோட்டங்களில் நடவேண்டிய மரங்களைப் பட்டியலிட்டு ஓர் ஆணை எழுதப்பெற்றது. பேரி, பிளம், பீச், செர்ரி, முசுக்கொட்டை, பைன் எல்லாம் அதில் இருக்கின்றன. இதைக் கண்டு அம்மரங்களெல்லாம் முன்பு வடக்கே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பைன் மரம் ஜெர்மனியிலும் ஸ்காட்லாந்திலும் உரோமர் பிறப்பதற்கு முன்பே காடு காடாக வளர்ந்திருந்தது. காட்டுச் செர்ரியைப் பற்றி முன்பே சொன்னேன். கடன் வாங்கிய பெயர், அப்பெயரோடு ஏதோ ஒரு புதுமை வந்தது என்பதைக் காட்டும்: புதிய வகை, புதிய பயிர்முறை, புதிய வாணிகம். மரமே புதிது என்று அது காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒலி சொல்வதை ஒலியிடமும், மரம் சொல்வதை மண்ணைத் தோண்டி எடுத்த கொட்டையிடமும் கேட்டறிவதே முறை.

நம்மவர்க்கு ஓர் இடர்ப்பாடு கூடுதலாக உண்டு. தமிழெழுத்தில் ‘பீச்’ என்று எழுதினால் அது ஆங்கிலத்தில் இரண்டு மரங்களைக் குறிக்கக்கூடும். ஒன்று ‘பல்’ என்பதில் உள்ள பகரம் கொண்டு தொடங்குவது. அது நாம் இதுவரை பேசிய பழமரம். மற்றொன்று ‘அம்பு’ என்பதில் உள்ள பகரம் கொண்டு தொடங்குவது. அது ஐரோப்பியப் பெருங்காட்டு மரம். பின்னதற்கு இலத்தீனில் ‘ஃபாகுஸ்’ என்று பெயர். உடன்பிறந்தானைக் குறிக்கும் இலத்தீன் ‘ஃபிராத்தெர்’ ஆங்கிலத்தில் ‘பிரதர்’ ஆக நிற்பது போல, ‘ஃபாகுஸ்’ என்பதற்கு எதிரே காட்டுப் ‘பீச்’ நிற்கிறது. ஒலிகள் வேறுபட்டிருந்தும் விதிப்படி வேறுபட்டிருப்பதால் அவை உடன்பிறப்புகள். பழமரமாகிய ‘பீச்’ இலத்தீன் ‘பெர்சிகா’வோடு முதலொலியில் ஒத்திருக்கிறது, ஒத்திருப்பதாலேயே அது உடன்பிறப்பு அன்று. ஒற்றுமையைக் கண்டவுடன் உறவு என்று கூறிய நான், இவ்விடத்தில்தான் வழுக்கினேன்.

அந்த மாணவன் இப்போது எங்கிருக்கிறான் என்று அறியேன். இந்த வானொலிப் பேச்சு அவன் செவிக்கு எட்டுமாயின் மகிழ்வேன். அண்மையில் என் பழைய பாடக்குறிப்பேட்டைத் தேடியெடுத்தேன். அந்தப் பட்டியல் அதில் இருந்தது. மூன்றாம் இணைக்கும் நான்காம் இணைக்கும் நடுவே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தேன். தந்தையும் மீனும் காலடியும் கோட்டுக்கு மேலே நின்றன. பைனும் பேரியும் கீழே நின்றன. கீழே இடம் மிகுந்திருந்ததால் செர்ரியையும் பிளம்மையும் பீச்சையும் அங்கே எழுதி வைத்தேன்.